ஏட்டுச் சுவடிப் படப்பிடிப்பும் வில்லையின் கூர்மை அளவீடும்
(அம்பிட்டிய அனுபவமொன்றை முன்வைத்த விளக்கம்)

தோற்றுவாய்

கண்டி மாநகரின் தென்கிழக்கே, தலாத்துஓயாவுக்குச் செல்லும் வீதியில் அமைந்துள்ளது அம்பிட்டிய. 1893 ஆம் ஆண்டு பாப்பரசர் 13 ஆம் லியோ நிறுவிய குருமடத்தினால் இவ்வூரின் பெயர் கடல் கடந்தும் அறியப்பட்டது. அக்குருமடம் 1955 இல் இந்தியாவின் புனே நகருக்கு மாற்றப்பட்ட பின்னர், இலங்கையின் தேசிய குருமடம் இங்கு இயங்கி வருகின்றது. இவ்வூரில் அன்பர் ஒருவரின் இல்லத்திற் பேணப்பட்டு வந்த பழைய வைத்திய ஏடு ஒன்றைப் படம்பிடிக்கச் சென்றபோது எமக்கு நேர்ந்த தவறொன்றே இக்கட்டுரைக்குத் தோற்றுவாயாகும்.

கமராவின் வில்லையை முன்னதாகவே சோதித்துக் கொண்டுதான் யாம் சென்றோம். கோடுகள் அச்சிட்ட சோதனை அட்டை ஒன்றைப் படம்பிடித்து, எத்துணை நுண்ணிய கோடுகள் தனித்தனியே தெரிகின்றன என எண்ணிப் பார்த்தோம். வில்லை நன்றாகவே தேறியது. ஆயினும், எடுத்த படங்களைக் கணினித் திரையில் நோக்கியபோது ஓலைகள் வெளிறித் தோன்றின. எழுத்துக்கள் இருந்தன; ஆனால் ஓலையின் நிறத்தோடு கரைந்து கிடந்தன. கோடுகளைப் பிரித்துக் காட்டிய அதே வில்லை எழுத்தைக் காட்டத் தவறியது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண முற்படுகையில், வில்லையின் கூர்மை என நாம் பொதுவாக வழங்குவது ஒரே ஒரு பண்பன்று என்பது தெளிவாகும். அதனை எவ்வாறு அளப்பது, அளவை எவ்வாறு பயன்கொள்வது என்பனவற்றை இக்கட்டுரை விளக்க முயல்கின்றது.

இஃது ஒளியியலார்க்கு மட்டும் உரிய வினாவன்று. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்குரிய புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவின. சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832-1901) உ. வே. சாமிநாதையரும் (1855-1942) ஏடுகளைப் பதிப்பித்த காலத்தில் இம்மயக்கங்களோடு போராடியே பாடங்களைத் துணிந்தனர். வைத்திய ஏடுகளிலோ இடர் இன்னும் பெரிது. ஒன்று என்னும் எண்குறி ககரத்தை ஒத்தது. மருந்துச் சரக்கின் அளவைக் குறிக்கும் பின்னக் குறிகள் சிறு வளைவொன்றினால் தம்முள் வேறுபடுவன. ஏடு தன்னிடத்தே கொண்டுள்ள மயக்கத்தோடு, வில்லையும் தன் பங்குக்கு ஒரு மயக்கத்தைச் சேர்க்குமாயின் பிற்காலத்தில் அதனைப் படிப்பவர் எதனைத் துணிவர்? 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது அச்சு நூல்களோடு ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. மூலம் அழிந்த பின்னர் படமே மூலமாகின்றது. ஆகவே, படம்பிடிக்கும் கருவியை அளந்தறிதல் சுவடி பேணுவார்க்குரிய கடமைகளுள் ஒன்றாகும்.

கோடுகளை எண்ணும் முறை

வில்லையைச் சோதிக்கும் முறைகளுள் எளியது பிரிவலுவை அளத்தல். கரிய கோடு ஒன்றும் அதனை அடுத்த வெள்ளை இடைவெளி ஒன்றும் சேர்ந்து ஒரு கோட்டுச் சோடி எனப்படும். ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் எத்தனை கோட்டுச் சோடிகளை வில்லை பிரித்துக் காட்டுகின்றதோ அதுவே அதன் பிரிவலு. 1951 இல் அமெரிக்க விமானப்படை வகுத்த சோதனை அட்டை இன்றளவும் பரவலாக வழங்கி வருகின்றது. அதில் மூன்று நெடுங்கோடுகளும் மூன்று கிடைக்கோடுகளும் கொண்ட உருக்கள் படிப்படியாகச் சிறுத்துச் செல்லும். ஒவ்வொரு தொகுதியிலும் ஆறு உருக்கள் உள்ளன. ஒரு தொகுதியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும்போது கோடுகளின் நெருக்கம் இருமடங்காகும்.

இம்முறையின் குறைபாடுகள் இரண்டு. முதலாவது, இது வில்லையின் எல்லையை மட்டுமே கூறுகின்றது. கோடுகள் இனித் தெரியா என்ற நிலைக்கு முந்திய கடைசிப் படியில், கரிய கோட்டுக்கும் வெள்ளை இடைவெளிக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்குப் பத்தளவுக்குத் தேய்ந்திருக்கும். அந்நிலையிலும் கண் கோடுகளை எண்ணிவிடும். ஏனெனில், அங்கே கோடுகள் உள்ளன என்பதும் அவை மூன்று என்பதும் பார்ப்பவர்க்கு முன்னரே தெரியும். ஏட்டிலுள்ள எழுத்து எதுவென முன்னரே அறிந்தவர் எவருமிலர். இரண்டாவது, குவியம் சற்றுத் தவறிய வில்லை சில நுண்மைகளிற் கோடுகளைத் தலைகீழாக்கிவிடும். கரிய கோடு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையும், வெள்ளை இருக்க வேண்டிய இடத்திற் கருமையும் தோன்றும். இப்பொய்க் கோடுகளையும் சேர்த்து எண்ணுபவர் வில்லைக்குத் தகாத புகழைச் சூட்டிவிடுவார்.

உறழ்பொருவு என்னும் அளவு

அம்பிட்டியவின் மேட்டு நிலங்களிலிருந்து ஹந்தானை மலைத்தொடரை நோக்குவோர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர். மழை ஓய்ந்த தெளிந்த காலையில் மலைச்சரிவின் மரங்கள் கருமையாக எழுந்து நிற்கும். மென்பனி படர்ந்த காலையிலும் மலையின் விளிம்பு தெரியும்; உற்று நோக்கினால் மரங்களையும் பிரித்தறியலாம். ஆனால் யாவும் வெளிறியிருக்கும். பனி மரங்களை மறைத்துவிடவில்லை. மரத்தின் கருமைக்கும் வானின் வெண்மைக்கும் இடையிலான வேறுபாட்டைக் குறைத்துவிட்டது. இவ்வேறுபாட்டையே உறழ்பொருவு என்னும் கலைச்சொல்லாற் குறிப்பர்.

அதனை எண்ணாற் கூறுவது எளிது. ஒளி மிகுந்த இடத்தின் ஒளியளவிலிருந்து ஒளி குறைந்த இடத்தின் அளவைக் கழித்து, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் உறழ்பொருவு கிடைக்கும். வெள்ளை 90, கருமை 10 எனக் கொண்டால், 80 ஐ 100 ஆல் வகுக்க 0.8 வரும். அதே கோடுகள் வில்லையினூடாகச் சென்று விம்பமாகும்போது வெள்ளை 70 ஆகவும் கருமை 30 ஆகவும் மாறின் உறழ்பொருவு 0.4 ஆகும். பொருளிலிருந்த 0.8 இல் விம்பத்துக்கு வந்து சேர்ந்தது 0.4. ஆகவே, அந்த நுண்மையில் வில்லை நூற்றுக்கு 50 பங்கு உறழ்பொருவையே கடத்தியது எனலாம்.

அந்த நுண்மையில் என்பதே இங்கு இன்றியமையாத சொல். தடித்த கோடுகளின் உறழ்பொருவை ஏறத்தாழ முழுமையாகக் கடத்தும் வில்லை, நுண்ணிய கோடுகளிற் பாதியையும், மிக நுண்ணியவற்றிற் சிறு பங்கையும், எல்லைக்கு அப்பால் யாதும் இன்றியும் கடத்தும். ஆகவே, வில்லையின் தரம் ஓர் எண்ணிலன்றி ஒரு வளையியிலேயே அடங்கும்.

கடத்துகை வளையி

கிடை அச்சில் ஒரு மில்லிமீற்றருக்கான கோட்டுச் சோடிகளையும், நிலை அச்சில் கடத்தப்பட்ட உறழ்பொருவின் பங்கையும் குறித்து வரையும் வளையியே ஒளியியலார் எம்.ரி.எவ். என்னும் மூன்றெழுத்தாற் சுட்டுவது. இதனை உறழ்பொருவுக் கடத்துகைச் சார்பு எனத் தமிழில் வழங்கலாம்.

இக்கருத்தின் வேர் 1822 இல் வெளிவந்த ஃபூரியேயின் வெப்பவியல் நூலில் உள்ளது. எவ்வகை ஏற்றத்தாழ்வையும் சீரான அலைகளின் கூட்டாகக் காட்டலாம் என அவர் நிறுவினார். ஓலையின் மீதுள்ள எழுத்தையும் அவ்வாறே பல நுண்மைகளையுடைய ஒளி அலைகளின் கூட்டாகக் கருதலாம். எழுத்தின் பெரும் வடிவம் அகன்ற அலைகளிலும், சுழியும் கூர்முனையும் நுண்ணிய அலைகளிலும் அடங்கியுள்ளன. பிரான்சைச் சேர்ந்த டுஃபியூ 1946 இல் வெளியிட்ட நூலொன்றில் இக்கணித முறையை ஒளியியலுக்குப் பொருத்திக் காட்டினார். அக்காலத்தை அடுத்து அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் தொலைக்காட்சி ஆய்வில் ஈடுபட்டிருந்த ஒற்றோ ஷாடே, வில்லை, பிலிம், படக்குழாய் ஆகிய அனைத்தையும் ஒரே அளவுகோலால் அளக்க இதனைப் பயன்படுத்தினார். இம்முறையின் பெருஞ்சிறப்பு, பெருக்கல் விதி. வில்லை ஒரு நுண்மையில் 80 பங்கும், பின்னுள்ள உணரி அதே நுண்மையில் 95 பங்கும் கடத்துமாயின், இரண்டும் சேர்ந்து கடத்துவது 0.80 × 0.95, அஃதாவது 76 பங்கு.

இரு வில்லைகளை எடுத்துக்கொள்வோம். முதல் வில்லை 28 கோட்டுச் சோடிகளில் 80 பங்கு உறழ்பொருவைக் கடத்துகின்றது. ஆனால் 70 சோடிகளோடு அதன் ஆற்றல் முடிந்துவிடுகின்றது. இரண்டாம் வில்லை 100 சோடிகள் வரை செல்கின்றது. ஆனால் 28 சோடிகளில் 45 பங்கையே கடத்துகின்றது. கோடுகளை எண்ணுபவர் இரண்டாவதையே சிறந்தது என்பார். ஏட்டைப் படம்பிடிப்பவர் எதனைத் தெரிவு செய்ய வேண்டும்? எழுத்தின் நுண்மை எத்துணை என அறிந்த பின்னரே இதற்கு விடை கூறலாம்.

எந்த நுண்மையை நோக்குவது?

1870-71 ஆம் ஆண்டுகளில் அநுராதபுரம், பொலன்னறுவை ஆகிய இடங்களின் தொல்லெச்சங்களைப் படம்பிடித்த யோசப் லோட்டன் கண்டியில் தொழில் நடத்தியவர். அக்காலப் படப்பிடிப்பாளர் பெரிய கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்தி, அத்தகட்டின் அளவிலேயே தாளிற் படியெடுத்தனர். உருப்பெருக்கம் இல்லையாதலால், பார்ப்பவரின் கண்ணுக்குத் தேவையான நுண்மையே வில்லைக்கும் போதுமானதாயிற்று. கையிற் பிடித்துப் பார்க்கும் படத்தில் ஒரு மில்லிமீற்றருக்கு 5 கோட்டுச் சோடிகள் தெளிவாக இருப்பின் கண் நிறைவுறும். 35 மில்லிமீற்றர் அகலப் பிலிம் வந்தபோது நிலைமை மாறிற்று. அதனை எட்டு மடங்கு பெருப்பித்தால், தாளில் 5 சோடிகள் கிடைப்பதற்குப் பிலிமில் 40 சோடிகள் வேண்டும். ஜேர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் அவ்வகைக் கமராக்களின் வில்லைகளுக்கு 10, 20, 40 ஆகிய மூன்று நுண்மைகளில் வளையிகளை வெளியிட்டு வந்தமைக்கும் இக்கணக்கோடு தொடர்புண்டு.

இதே கணக்கை ஏட்டுக்குச் செய்து பார்ப்போம். ஓலையின் நீளம் 40 சென்ரிமீற்றர், அகலம் 4 சென்ரிமீற்றர் எனவும், எழுத்தாணிக் கீறலின் தடிப்பு 0.2 மில்லிமீற்றர் எனவும் கொள்வோம். கீறலும் அதனை அடுத்த இடைவெளியும் சேர்ந்த ஒரு சோடி 0.4 மில்லிமீற்றராகும். கமராவின் உணரி 36 மில்லிமீற்றர் அகலமும் 6000 படப்புள்ளிகளும் உடையது. முழு ஓலையையும் ஒரே படத்தில் அடக்கினால் விம்பம் பொருளின் நூற்றில் 9 பங்காகச் சிறுக்கும். 0.4 மில்லிமீற்றர்ச் சோடி உணரியின் மீது 0.036 மில்லிமீற்றராக விழும். அஃதாவது, ஒரு மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 28 சோடிகள்.

ஆகவே, இவ்வேலைக்கு நாம் வில்லையிடம் கேட்க வேண்டிய வினா, நூறு சோடிகளைக் காட்டுவாயா என்பதன்று. 28 சோடிகளில் எவ்வளவு உறழ்பொருவைத் தருவாய் என்பதே. பழுப்பேறிய ஓலையில், மையாடிய எழுத்துக்கும் ஓலைக்கும் இடையேயான உறழ்பொருவு 0.5 எனக் கொண்டால், மேற்கூறிய முதல் வில்லை 0.40 ஐயும் இரண்டாவது 0.23 அளவையும் விம்பத்தில் தரும். கோடுகளை எண்ணுவதில் தோற்ற வில்லையே ஏட்டுக்கு உகந்தது.

இக்கணக்கு இன்னொரு வழியையும் காட்டுகின்றது. ஓலையை இரு பாதிகளாக, ஒவ்வொன்றும் 20 சென்ரிமீற்றராகப் படம்பிடித்தால் விம்பம் இருமடங்கு பெரிதாகும். தேவைப்படும் நுண்மை 28 இலிருந்து 14 ஆகக் குறையும். 14 சோடிகளில் எளிய வில்லையும் உறழ்பொருவை நன்றாகக் கடத்தும். விலையுயர்ந்த வில்லை ஒன்றை வாங்க இயலாதோர்க்கு இரண்டு படங்கள் எடுக்கும் பொறுமையே அவ்வில்லையின் வேலையைச் செய்துவிடும்.

கோணலும் துவாரமும்

குறையே இல்லாத வில்லையொன்று இருப்பினும் அதற்கும் எல்லை உண்டு. ஒளி, துவாரத்தின் விளிம்பைக் கடக்கையில் வளைந்து பரவுகின்றது. பௌதிகவியலார் இதனைக் கோணல் என்பர். துவாரம் சுருங்கச் சுருங்கக் கோணல் மிகும். பச்சை ஒளியின் அலைநீளம் 0.00055 மில்லிமீற்றர். அதனைத் துவார எண்ணாற் பெருக்கி, வரும் தொகையால் 1 ஐ வகுத்தால் குறையற்ற வில்லையின் இறுதி எல்லை கிடைக்கும். துவார எண் 8 ஆயின் ஏறத்தாழ 227 சோடிகள். 16 ஆயின் 114. 22 ஆயின் 83.

எல்லைகள் யாவும் 28 ஐ விடப் பெரியனவே, கவலை எதற்கு எனலாம். வளையியை நோக்கினால் விடை கிடைக்கும். 28 சோடிகளிற் குறையற்ற வில்லை கடத்தும் பங்கு, துவார எண் 8 இல் ஏறத்தாழ 84. 16 இல் 69. 22 இல் 58. ஓலை வளைந்திருப்பதால் ஆழத் தெளிவு வேண்டித் துவாரத்தை மிகச் சுருக்குவோர், எழுத்தின் கருமையிற் கால்பங்குக்கு மேல் இழக்கின்றனர். மறுபுறம், துவாரத்தை அகலத் திறந்தால் கோளப்பிறழ்ச்சி முதலிய குறைகள் தலைதூக்கும். சட்டகத்தின் ஓரங்களில் அவை மிகும். ஓலையோ சட்டகத்தின் ஓரம் முதல் ஓரம் வரை நீண்டு கிடப்பது. ஆகவே நடுவில் மட்டும் அளந்து நிறைவுறுதல் தகாது. இரண்டு முனைகளிலும், கிடைக்கோட்டுக்கும் நெடுங்கோட்டுக்கும் தனித்தனியே அளத்தல் வேண்டும். பெரும்பாலான வில்லைகள் 5.6 இற்கும் 11 இற்கும் இடைப்பட்ட துவார எண்களில் இவ்விரு இடர்களுக்கும் நடுவே நின்று நற்பயன் தரும்.

சரிந்த விளிம்பு முறை

வளையியைப் பெறுவதற்கு ஒரு காலத்தில் ஆய்வுகூடமும் அரிய கருவிகளும் தேவைப்பட்டன. இலக்கமுறைக் கமராக்களுக்கென 2000 ஆம் ஆண்டு வெளியான ஐ.எஸ்.ஓ. 12233 என்னும் நியமம் எளிய வழியொன்றை உலகறியச் செய்தது. கருமையும் வெண்மையும் சந்திக்கும் நேரான விளிம்பொன்றை, உணரியின் நிரைகளுக்கு ஏறத்தாழ 5 பாகை சரிவாக வைத்துப் படம்பிடிக்க வேண்டும். சரிவின் காரணமாக ஒவ்வொரு நிரையும் விளிம்பைச் சற்றே வேறுபட்ட இடத்தில் வெட்டும். நிரைகள் அனைத்தையும் ஒன்றாகக் கோத்தால், தனிப் படப்புள்ளியின் அகலத்தை விட நுண்ணியதாக, கருமை எவ்வாறு வெண்மையாக மாறுகின்றது என்பது தெரியவரும். அம்மாற்றத்தின் வீதத்தைக் கண்டு, ஃபூரியேயின் முறையால் அலைகளாகப் பிரித்தால் கடத்துகை வளையி கிடைத்துவிடும். கணிப்பைக் கணினிச் செய்நிரல் செய்து தரும். சுவடிகளையும் ஆவணங்களையும் இலக்கமுறையிற் பேணுவதற்கென நெதர்லாந்தில் வகுக்கப்பட்ட மெற்றாமோர்ஃபோஸ் வழிகாட்டியும், அமெரிக்க அரச நிறுவனங்களின் ஃபாட்ஜி வழிகாட்டியும் இவ்வளவீட்டையே படத்தின் கூர்மைக்குச் சான்றாகக் கேட்கின்றன.

வீட்டில் இதனைச் செய்ய விரும்புவோர் கவனிக்க வேண்டியன சில உள. கமராவை உறுதியான தாங்கியில் நிறுத்தி, கை படாதவாறு சில செக்கன் தாமதத்துடன் படமெடுக்க வேண்டும். அட்டை இருக்கும் இடத்தில் முகக்கண்ணாடி ஒன்றைக் கிடத்தி, வில்லையின் மையம் கண்ணாடியிற் படச்சட்டகத்தின் நடுவே தெரியுமாறு கமராவைத் திருப்பினால் இரண்டும் சமாந்தரமாகும். கமரா தானே கூர்மையூட்டிய படத்தைப் பயன்படுத்தலாகாது. உணரியின் பச்சைத் தரவையே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்றேல் அளப்பது வில்லையையன்று, கமராவின் ஒப்பனையையே.

திரையொளி

இம்முறையையும் செய்து பார்த்தோம். எமது வில்லையின் வளையி குறை கூறத் தக்கதாக இல்லை. எனினும் ஓலைப் படங்கள் வெளிறியே இருந்தன. அளவுகோல் பொய்த்ததோ என ஐயுற்ற நிலையில், வில்லையின் பின்புறமிருந்து மின்சூள் ஒளியைப் பாய்ச்சி முன்புறமாக நோக்கினோம். உட்புறக் கண்ணாடியொன்றின் மீது சிலந்தி வலை போன்ற மெல்லிய இழைகள் படர்ந்திருந்தன. அவை பங்கசு இழைகள். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மழையும் ஈரப்பதனும் மிகுந்த கண்டிப் பகுதியில், தோற்பையில் அடைத்து வைக்கப்படும் வில்லைகளுக்கு இது நேர்வதுண்டு. அவ்வாறு அடைத்து வைத்தவர்கள் நாமே.

இவ்விழைகள் கோடுகளை எண்ணும் சோதனைக்கும் விளிம்புச் சோதனைக்கும் எவ்வாறு தப்பின? ஓலை 60 அளவு ஒளியையும் எழுத்து 20 அளவு ஒளியையும் தருவதாகக் கொள்வோம். உறழ்பொருவு 40 ஐ 80 ஆல் வகுத்த 0.5. பங்கசு படர்ந்த வில்லை, சட்டகத்தினுள் வரும் ஒளியின் ஒரு பகுதியைச் சிதறடித்து எங்கும் ஒரே சீராக 20 அளவு ஒளியைப் போர்த்துகின்றது. இப்போது ஓலை 80, எழுத்து 40. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாறாமல் 40 ஆகவே உள்ளது. ஆனால் உறழ்பொருவு 40 ஐ 120 ஆல் வகுத்த 0.33 ஆகிவிட்டது. கோடு எதுவும் மறையவில்லையாதலால் எண்ணுபவருக்குக் குறை தெரியாது. விளிம்பு முறையோ ஒளியின் மாற்றத்தை மட்டுமே நோக்குவது. எங்கும் சமமாகப் பரந்த ஒளி அக்கணிப்பிற் கழிந்துபோகும். மேலும், செய்நிரல்கள் வளையியின் தொடக்கத்தை 100 எனக் கொண்டே வரைவதால் திரையொளியின் தீங்கு அதிற் புலப்படாது.

ஆகவே வில்லைக்கு இரு வகை நோய்கள் உள. ஒன்று மழுங்கல்; அது நுண்மை மிகமிகக் கூடுதலாகத் தாக்கும். மற்றையது திரையொளி; அது பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடின்றி யாவற்றையும் ஒருங்கே வெளிறச் செய்யும். முன்னதைக் கடத்துகை வளையி காட்டும். பின்னதைக் காண வேறொரு சோதனை வேண்டும்.

அச்சோதனை மிக எளிது. சிறு பெட்டியொன்றின் உட்புறத்தைக் கருந்துணியால் மூடி, ஒரு பக்கத்திற் சிறு துளையிட வேண்டும். துளையைச் சுற்றி வெள்ளைத் தாளை ஒட்டி, தாளின் மீது ஒளி விழுமாறு வைத்துப் படம்பிடிக்க வேண்டும். துளையினுள்ளிருந்து ஒளி வெளிவருவதற்கு வழியில்லை. ஆகவே படத்தில் துளையிருக்கும் இடத்தில் தென்படும் ஒளி யாவும் வில்லையும் கமராவும் சிதறியதே. உணரி இருளிலும் காட்டும் அடிப்படை அளவைக் கழித்தபின், வெண்தாளின் அளவு 4000, துளையின் அளவு 200 எனின் திரையொளி நூற்றுக்கு 5 ஆகும். துப்புரவான நல்ல வில்லைகளில் இவ்விகிதம் இதனினும் குறைவாகவே இருக்கும். ஒரே பெட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் சோதித்து வந்தால், வில்லையில் நோய் தொடங்குவதை எழுத்து மறைவதற்கு முன்னரே அறியலாம்.

எமது இரண்டாவது தவறும் இச்சோதனையாற் புலப்பட்டது. ஓலைகளை வெள்ளைத் துணியொன்றின் மீது பரப்பியே படம்பிடித்திருந்தோம். 40 சென்ரிமீற்றர் நீளம் அடங்கிய சட்டகத்தின் உயரம் ஏறத்தாழ 26.7 சென்ரிமீற்றர். அதன் பரப்பு 1067 சதுர சென்ரிமீற்றர். ஓலையின் பரப்பு 160. அஃதாவது, சட்டகத்தில் நூற்றுக்கு 15 பங்கே ஓலை. எஞ்சிய 85 பங்கும் வெள்ளைத் துணி. சிதறிய ஒளியிற் பெரும்பகுதி ஏட்டுக்கு உரியதன்று; துணியிலிருந்து வந்தது. கருந்துணியை விரித்திருந்தால் அந்த நோயுற்ற வில்லையே இதனிலும் நல்ல படத்தைத் தந்திருக்கும்.

கணினியால் திருத்தலாகாதா?

வெளிறிய படத்தைக் கணினியிற் கருமையூட்டித் திருத்திக்கொள்ளலாமே என்னும் வினா எழுவது இயல்பு. ஒரு பகுதி உண்மையே. 80 இலும் 40 இலும் இருந்து 20 ஐக் கழித்துவிட்டால் பழைய 60 உம் 20 உம் மீளும். ஆனால் ஒளி துகள்களாக வருவதால் அதன் அளவு எப்போதும் சிறிது தளம்பும். ஒளி கூடக் கூடத் தளம்பலும் கூடும். திரையொளியைக் கழிக்கலாம், அது கொண்டுவந்த தளம்பலைக் கழிக்க இயலாது. எழுத்து நன்கு மையேறியிருப்பின் இத்தளம்பல் பொருட்டன்று. மை உதிர்ந்து, எழுத்துக்கும் ஓலைக்கும் இடையே சிறு வேறுபாடே எஞ்சியுள்ள இடங்களில் எழுத்து தளம்பலுள் மூழ்கிவிடும். மழுங்கலுக்கும் இஃதே நியதி. நூற்றுக்கு 40 பங்காகத் தேய்ந்த உறழ்பொருவை உயர்த்தலாம். முற்றாக அற்றுப்போனதை எதனாற் பெருக்கினும் சுழியமே எஞ்சும். அவ்விடத்திற் கணினி எழுத்தொன்றைக் காட்டுமாயின் அது கணினியின் ஊகமே அன்றி ஏட்டின் சான்றன்று.

முடிவுரை

துப்புரவாக்கிய வில்லையோடும் கருந்துணியோடும் யாம் மீண்டும் அம்பிட்டியவுக்குச் சென்றோம். துவார எண் 8 இல், ஓலை ஒவ்வொன்றையும் இரு பாதிகளாகப் படம்பிடித்தோம். எழுத்துக்கள் தெளிவாக அமைந்தன. முன்னர் ககரமோ எண்ணோ என ஐயுற்ற இடங்கள் சிலவற்றைத் துணிய முடிந்தது. ஆனால் இடைப்பட்ட மாதங்களில் இறுதி ஓலையின் ஒரு மூலை உதிர்ந்துவிட்டிருந்தது. அம்மூலையில் எழுதப்பட்டிருந்ததற்கு எமது வெளிறிய முதற்படம் ஒன்றே இன்று சான்று. அதனைக் கணினியில் எவ்வளவோ திருத்திப் பார்த்தும், ஒரு சரக்கின் அளவைக் குறிக்கும் குறி இன்னதென எம்மால் இன்னும் துணிய இயலவில்லை. ஏட்டுக்கு உரியவரிடம் அவ்விடத்தை வெறுமையாக விட்டே எமது படியைக் கையளித்தோம்.

2005 ஆம் ஆண்டு முதல் நூலக நிறுவனம் போன்றவை ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இலக்கமுறையிற் பேணி வருகின்றன. மலையகத்து இல்லங்களிலும் கோயில்களிலும் தனியார் கையில் உள்ள ஏடுகளையும் பதிவேடுகளையும் தாமே படம்பிடிக்க முன்வரும் மாணவர்களும் உளர். அவர்களுக்கு யாம் கூற விழைவது இதுவே. புறப்படுவதற்கு முன் மூன்று வினாக்களுக்கு எண்ணால் விடை காண்க. நும் வேலைக்குத் தேவையான நுண்மை ஒரு மில்லிமீற்றருக்கு எத்தனை கோட்டுச் சோடிகள்? அந்த நுண்மையில், சட்டகத்தின் நடுவிலும் ஓரத்திலும், நும் வில்லை கடத்தும் உறழ்பொருவு எத்துணை? கரும்பெட்டியின் துளையில் அது காட்டும் திரையொளி எவ்வளவு? முதலாவது ஒரு கணக்கு. இரண்டாவதற்கு ஓர் அட்டை. மூன்றாவதற்கு ஒரு பெட்டியும் கருந்துணியும். ஒரு பிற்பகற் பொழுதில் இம்மூன்றையும் முடித்துவிடலாம். ஓலை அதுவரை காத்திருக்கும். படம் பிழைத்த பின்னரும் காத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை.